வெள்ளையும் வெள்ளையும் ஒன்றல்ல

சாகுபுரத்தில் உப்பளம் முடிந்து மணல் தொடங்குகிற இடமெல்லாம் நித்தியகல்யாணிதான். யாரும் நட்டதில்லை, தண்ணீர் விட்டதுமில்லை. இலை கசப்பு என்பதால் ஆடு வாய் வைக்காது. ஆனி, ஆடியில் தேரி மண்ணை வாரி இறைக்கும் காற்றிலும் செடிக்கு நாலு பூவாவது இருக்கும். பட்டிப்பூ என்பவர்கள் உண்டு. சுடுகாட்டுப்பூ என்று சொல்லித் தலையில் வைக்க மறுப்பவர்களும் உண்டு. அதே பூவைச் சாமி படத்துக்குக் கிள்ளிப் போகிறவர்களும் இதே தெருவில் இருக்கிறார்கள்.

நம் பக்கத்து மணலில் தானாக வளர்வது பெரும்பாலும் மூன்று நிறம். ரோஸ் ஒன்று. சுத்த வெள்ளை ஒன்று. இதழ் வெள்ளையாக இருந்து நடுத்துளையைச் சுற்றி மட்டும் சிவப்பு வளையம் போட்டது இன்னொன்று. என் விதைச் சீட்டுகளில் இவற்றை ரோஸ், வெள்ளை, கண் என்று எழுதி வைப்பேன். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலந்து, வந்த பிள்ளைகளைக் கலந்து, அவற்றின் பிள்ளைகளையும் எண்ணிப் பார்ப்பதுதான் இத்தனை காலமாக என் வேலை. வருமானம் இல்லாத வேலைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்த பாடம், இந்தப் பூவின் மூலமாகத்தான் எனக்குக் கைக்கு வந்தது.

இந்தச் செடி நம் ஊருக்குச் சொந்தமில்லை. மடகாஸ்கரிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. 1958இல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்த செய்தியை வெளியிட்டார்கள். அதன் உறவான வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கியமான மருந்து. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால்தான் தூத்துக்குடி, நெல்லை, ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் இது பயிராகவே ஏறியது. இலை தனியாக, வேர் தனியாகக் காய்ந்து, மூட்டையாகித் தூத்துக்குடித் துறைமுகம் வழியே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது.

வேர் வாங்க வந்த ஒரு யாவாரியிடம் என் பாத்திகளை ஒருமுறை காட்டினேன். சிரித்தார். “அண்ணாச்சி, பூ என்ன கலரா இருந்தா எனக்கென்ன? வேரு கனமா இருக்கா, அத மட்டும் பாருங்க.” அவர் கணக்கு அவருக்குச் சரி. வேரின் கனமும் இலையில் ஊறும் மருந்தின் அளவும் ஒரு ஜீன் இரண்டு ஜீன் தீர்மானிக்கிற விஷயமில்லை. பல ஜீன்கள், மண், தண்ணீர், செடியின் வயது எல்லாம் சேர்ந்துதான் அந்த அளவு வரும். அங்கே வகுத்துச் சொல்ல முடியாது, நிறுத்துத்தான் சொல்ல முடியும். பூவின் நிறமோ இருக்கிறது, இல்லை என்று தெளிவாகப் பதில் சொல்லும். கற்றுக்கொள்ள வந்தவனுக்கு அப்படிப்பட்ட பதில்தான் வேண்டும்.

கலப்புச் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து இதழும் நடுவில் ஒரு சின்னத் துளையும்தான் தெரியும். மற்ற எல்லாம் கீழே இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழலுக்குள் இருக்கிறது. மகரந்தப் பைகள் ஐந்தும் குழலின் வாய்க்குச் சற்றுக் கீழே சுவரோடு ஒட்டியிருக்கும். அவற்றுக்கு அடியில் சூலக முடி. மேலே இருக்கும் பை வெடித்தால் மகரந்தம் கீழே விழுந்து காய்த்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். பெரும்பாலும் காய்க்காது. முடியின் உச்சி மகரந்தத்தை ஏற்பதில்லை. ஏற்கும் இடம் அதன் அடி விளிம்பு. வண்ணத்துப்பூச்சி உறிஞ்சியை உள்ளே விட்டு உருவும்போதுதான் மகரந்தம் அந்த விளிம்பைத் தொடுகிறது. தன் மகரந்தத்தைத் தன் முடிக்குத் தானாகப் போகவிடாமல் வைத்திருக்கும் பூ இது. ஆனால் நாம் கையால் கொண்டுபோய் வைத்தால் மறுக்காமல் காய்க்கும். கலப்புக்கும் சரி, தற்கலப்புக்கும் சரி, இதைவிட ஒத்துழைக்கிற செடி கிடைக்காது.

நாளை மறுநாள் விரிய வேண்டிய மொட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொட்டின் குழலைச் சவரப் பிளேடால் அடியில் லேசாகக் கீறி, மேலாக உருவினால் இதழும் அதில் ஒட்டிய மகரந்தப் பைகளும் ஒன்றாகக் கழன்று வந்துவிடும். பைகளைத் தனித்தனியாகப் பிடுங்குகிற தொல்லை இல்லை. மிளகாயிலோ கத்தரியிலோ இந்தச் சுகம் கிடையாது. மிஞ்சியிருக்கும் சூலகத்தின் மேல் ஒரு துண்டு ஸ்ட்ராவை மாட்டி முனையை மடித்துவிடுவேன். காலையில், தந்தையாக இருக்க வேண்டிய செடியில் புதிதாக விரிந்த பூவைப் பறித்துக் குழலைக் கிழித்து, ஊசி முனையில் மகரந்தத்தை எடுத்து முடியின் அடி விளிம்பைச் சுற்றித் தடவ வேண்டும். உச்சியில் தடவினால் அத்தனையும் வீண். பிறகு நூல், சீட்டு, பென்சில். பேனா மை உப்புக்காற்றில் பனிக்குக் கரைந்து ஓடும்.

காய் இரட்டையாக வரும். பச்சை மாறிப் பழுப்பேறும் நேரத்தில் பறித்துவிட வேண்டும். ஒரு நாள் தவறினால் வெடித்துக் கறுப்பு விதை மணலோடு மணலாகிவிடும். அதனால் மெல்லிய துணிப்பை கட்டுவேன். விதைக்கும்போது மேலே மண் மூட வேண்டும். வெளிச்சம் பட்டால் இந்த விதை முளைக்கத் தயங்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் நாற்று விட்டுவிட்டால் பிறகு பெரிய கவனிப்பு ஒன்றும் வேண்டாம். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகும். தேரி மணலில் தண்ணீர் எங்கே தேங்கப்போகிறது?

சுத்த வெள்ளைக்கும் கண்ணுக்கும் கலப்புப் போட்ட பாத்தி முதன்முதலில் பூத்தபோதுதான் இந்தச் செடி என்னைப் பிடித்துக்கொண்டது. தாயும் வெள்ளை இதழ், தந்தையும் வெள்ளை இதழ். பாத்தி முழுக்க ரோஸ். ஒன்று தப்பாமல் ரோஸ். பார்த்தவர்கள் விதை மாறிவிட்டது என்றார்கள். விதை மாறவில்லை.

இதற்கான விளக்கம் 1944இலேயே ஃப்ளோரி என்ற அமெரிக்கரின் ஆய்வில் இருக்கிறது. 1960இல் சிம்மண்ட்ஸ் அதை விரித்தார். இந்த மூன்று நிறத்தையும் இரண்டு ஜீன்கள் நிர்ணயிக்கின்றன. உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மோட்டார் ஓடினால்தான் கிணற்று உப்புத்தண்ணீர் மேலே வரும். மடை திறந்தால்தான் அது பாத்திகளுக்குப் பரவும். இரண்டும் நடந்தால் அளம் முழுக்கத் தண்ணீர். மோட்டார் ஓடி மடை அடைத்திருந்தால் கிணற்றடி மட்டும் நனையும். மோட்டாரே ஓடவில்லையென்றால் மடை திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை, அளம் காய்ந்துதான் கிடக்கும். பூவிலும் அப்படியே. நிறத்தை உண்டாக்கும் ஜீனை மோட்டார் என்றும், அதை இதழ் முழுக்கப் பரப்பும் ஜீனை மடை என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் வேலை செய்தால் ரோஸ். மோட்டார் மட்டும் என்றால் நடுவில் கண். மோட்டார் கெட்டிருந்தால் வெள்ளை.

ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு ஜீனிலும் இரண்டு பிரதிகள். ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. மோட்டாரில் ஒரு பிரதி நன்றாக இருந்தாலே போதும், நிறம் உண்டாகும். அதனால் ஓடுவது ஓங்கு பண்பு, ஓடாதது ஒடுங்கு பண்பு. மடையிலும் அதே கதைதான். இப்போது என் பாத்தியைப் பாருங்கள். கண் செடியிடம் நல்ல மோட்டார் இரண்டு, அடைத்த மடை இரண்டு. அந்த வெள்ளையிடம் கெட்ட மோட்டார் இரண்டு, ஆனால் திறந்த மடை இரண்டு. பிள்ளைக்கு அப்பனிடமிருந்து ஒரு நல்ல மோட்டார், ஆத்தாளிடமிருந்து ஒரு நல்ல மடை. ரோஸாகாமல் என்ன செய்யும்? ரோஸுக்குத் தேவையானதில் பாதியை வெள்ளைச் செடி வெளியே காட்டாமலே சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த ரோஸைத் தற்கலப்புச் செய்தால் அடுத்த தலைமுறையில் பதினாறுக்கு 9 ரோஸ், 3 கண், 4 வெள்ளை என்ற விகிதத்தில் வரும். பாடப்புத்தகத்தில் 9:3:3:1 என்று படித்திருப்போம். இங்கே கடைசி இரண்டு வகையும் வெள்ளையாகவே நிற்பதால் 3ம் 1ம் சேர்ந்து 4 ஆகிவிட்டன. எனக்கு வேலை வைத்தது இந்த நாலு வெள்ளைதான்.

வெளியே நாலும் ஒன்றுபோல. உள்ளே மூன்று தினுசு. ஒன்றிடம் நல்ல மடை இரண்டு. இரண்டு செடிகளிடம் நல்லது ஒன்றும் கெட்டது ஒன்றும். மீதி ஒன்றிடம் மோட்டாரும் கெட்டது, மடையும் கெட்டது. இலையைப் பார்த்தோ தண்டைப் பார்த்தோ பூவை முகர்ந்தோ இவற்றைப் பிரிக்க முடியாது. வெள்ளையை வெள்ளையோடு கலந்தாலும் பயனில்லை, எத்தனை தலைமுறை போனாலும் வெள்ளைதான் வரும். மடையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மோட்டார் ஓட வேண்டும். ஆகவே அந்தச் செடிக்கு நல்ல மோட்டார் தரக்கூடிய, ஆனால் மடை தராத ஒரு துணையைத் தேட வேண்டும். அதுதான் கண். நாலு வெள்ளையையும் தற்கலப்பில் நிறம் மாறாத கண் செடியோடு கலந்து விதைக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாம் ரோஸ் என்றால் வெள்ளைக்குள் இரண்டு நல்ல மடை. பாதி ரோஸ், பாதி கண் என்றால் ஒன்று. ஒரு ரோஸ்கூட இல்லாமல் எல்லாம் கண்ணாகவே வந்தால் அந்த வெள்ளைக்குள் எதுவும் இல்லை.

எதுவும் இல்லாத அந்த வெள்ளைதான் என் தோட்டத்திலேயே விலைமதிப்புள்ள செடி. கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எந்த ரோஸின் உள்விவரம் வேண்டுமானாலும் அதனிடம்தான் போக வேண்டும். அது தன் பங்குக்கு எதையும் மறைக்காது, எதையும் கூட்டவும் செய்யாது. எதிரே நிற்கும் செடி என்ன கொடுத்ததோ அது அப்படியே பிள்ளையில் தெரியும். இரண்டிலும் ஒவ்வொரு பிரதி கெட்ட ரோஸை இதனோடு கலந்தால் 1 ரோஸ், 1 கண், 2 வெள்ளை என்ற விகிதம். எல்லாப் பிரதியும் நல்ல ரோஸ் என்றால் பிள்ளைகள் அத்தனையும் ரோஸ். இதைத்தான் சோதனைக் கலப்பு என்கிறார்கள். ஓங்கு பண்புச் செடியை ஒடுங்கு பண்புச் செடிதான் சோதிக்க முடியும். எதிர்த்திசையில் சோதனையே இல்லை.

எத்தனை செடி வளர்த்தால் நம்பலாம்? இது ஆசையால் தீர்மானிக்கக் கூடாத விஷயம். பாதிக்குப் பாதி வர வேண்டிய சோதனைக் கலப்பில் 5 நாற்று போதும். ஒளிந்திருக்கும் நிறம் ஐந்திலும் தலைகாட்டாமல் போக வாய்ப்பு 32இல் 1தான். மூன்றுக்கு ஒன்று என்று பிரியும் பாத்தியில் ஒடுங்கு பண்பு ஒன்றாவது கண்ணில் பட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கை வேண்டுமானால் 11 செடி வேண்டும். பதினாறில் ஒன்றாக வரும் அந்த எதுவும் இல்லாத வெள்ளையைப் பிடிக்க 47 செடி. மொட்டை மாடியில் பத்துத் தொட்டி வைத்துக்கொண்டு விகிதம் சரியாக வரவில்லையே என்று வருந்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விகிதத்தின் மேல் தப்பில்லை, தொட்டிகள் போதவில்லை.

மெண்டலுக்கு எண்ணிக்கையின் அருமை தெரிந்திருந்தது. பிர்னோ மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை வளர்த்து 1865இல் வாசித்து 1866இல் அச்சேற்றிய கட்டுரையில் அவருடைய பலம் அதுதான். உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. நெட்டைச் செடி 787, குட்டைச் செடி 277. எதுவும் கச்சிதமாக மூன்றுக்கு ஒன்று இல்லை. ஆனால் எல்லாம் மூன்றை ஒட்டியே சுற்றுகின்றன. 1900இல் வேறு மூவர் தனித்தனியே அதே முடிவுக்கு வந்து அவர் கட்டுரையைத் தேடி எடுக்கும்வரை அந்த எண்களைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒடுங்கு பண்பு ஏன் ஒளிகிறது என்பதற்கு மெண்டலிடம் விடை இல்லை. அது வர மேலும் 90 ஆண்டு ஆனது. 1990இல் இங்கிலாந்தில் அவருடைய சுருங்கிய பட்டாணியின் ஜீனைப் பிரித்துப் பார்த்தார்கள். ஸ்டார்ச்சைக் கிளை கிளையாகக் கட்டும் ஒரு நொதியின் ஜீனுக்கு நடுவில் வேறொரு துண்டு வந்து செருகிக்கொண்டிருந்தது. நொதி உருவாகவில்லை. ஸ்டார்ச் குறைந்தது, சர்க்கரை மிஞ்சியது, தண்ணீர் அதிகம் ஏறிய விதை காயும்போது சுருங்கியது. ஒரு பிரதி கெட்டுப்போனாலும் இன்னொரு பிரதி செய்யும் நொதியே விதையை உருட்டிவிடும். ஒடுங்கு பண்பின் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். நல்ல பிரதி கெட்ட பிரதியைத் துரத்துவதில்லை, அழிப்பதில்லை. தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, கெட்டது சும்மா உடன் வருகிறது. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இரண்டுக்கும் சம வாய்ப்பு.

எல்லா இடத்திலும் ஒரு பிரதி போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. நம் வீட்டுக் கொல்லையில் சாயங்காலம் பூக்கும் அந்திமந்தாரையைத்தான் ஜெர்மானியர் காரல் கோரன்ஸ் எடுத்துக்கொண்டார். சிவப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த பிள்ளை ரோஸாக, இடைப்பட்டு நின்றது. ஒரு பிரதி பாதி சாயம்தான் போடும் என்றால் பூ பாதிதான் சிவக்கும். அடுத்த தலைமுறையில் 1 சிவப்பு, 2 ரோஸ், 1 வெள்ளை என்று பிரிந்தது. அங்கே மறைவே இல்லை, பூவைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரியும். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்திமந்தாரைதான் நல்லது. எனக்கு மறைக்கிற பூதான் பிடிக்கிறது.

எங்கள் தெரு ஆச்சி ஒருத்தி, சாமி படத்துக்கு வெள்ளைதான் வேண்டும் என்று காம்பவுண்டுக்குள் இருந்த மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டாள். சில காலம் கழித்து என்னிடம் கேட்டாள். “வெள்ளைய மட்டும் விட்டேன், பெறவு ஒரு ரோஸுகூட மொளைக்கலயே, ஏன்யா?” அதே தெருவில் ரோஸ் மட்டும் வேண்டும் என்று வெள்ளையைப் பிடுங்குகிற இன்னொரு வீட்டில் வருஷா வருஷம் வெள்ளை வந்துகொண்டே இருக்கிறது. ஆச்சியிடம் இருந்த வெள்ளைகளில் மோட்டார் இரண்டும் கெட்டவை, மறைக்க ஒன்றுமில்லை. வெளியிலிருந்து பூச்சி மகரந்தம் கொண்டுவராதவரை அவள் தோட்டம் வெள்ளையாகவே இருக்கும். அந்த வீட்டு ரோஸ்களிலோ எது எதைச் சுமக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது. ஒடுங்கு பண்பை நிலைநிறுத்த ஒரே தலைமுறை. ஓங்கு பண்பைச் சுத்தம் செய்ய வருடக்கணக்கு.

எவ்வளவு கணக்கு என்றும் சொல்லலாம். நூற்றுக்கு 1 வெள்ளை வரும் கூட்டத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் வெள்ளையை ஒன்று விடாமல் பிடுங்கினாலும் அது நானூற்றுக்கு 1 என்று குறையப் பத்துத் தலைமுறை ஆகும். பிடுங்கப்படுவது வெளியே தெரிகிற வெள்ளை மட்டும்தான், பெரும்பங்கு ரோஸுக்குள் பத்திரமாக இருக்கிறது. நூற்றுக்கு 4 வெள்ளை உள்ள ஒரு மேட்டில் செடிகள் இஷ்டத்துக்குக் கலக்கின்றன என்றால், மீதி 96இல் 32 செடிகள் வெள்ளையைச் சுமக்கின்றன என்று கணக்கு வரும்.

இந்தக் கணக்குக்கு ஒரு கிளைக்கதை உண்டு. மெண்டல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்த காலத்தில், ஓங்கு பண்பு என்றால் போகப்போக அதுதானே எங்கும் நிறைய வேண்டும் என்ற கேள்வி இங்கிலாந்தில் எழுந்தது. மரபியல்காரர் பன்னெட் இதைத் தன்னோடு கிரிக்கெட் ஆடும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியிடம் கொண்டுபோனார். ஹார்டி 1908இல் ‘சயின்ஸ்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதி முடித்துவிட்டார். வெளியிலிருந்து குறுக்கீடு இல்லாதவரை ஓங்கு பண்போ ஒடுங்கு பண்போ தானாகக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற மருத்துவரும் இதையே சொன்னார். சில ஆண்டுகள் கழித்துக் கும்பகோணத்து ராமானுஜனின் கடிதத்தைப் படித்துக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தாரே, அதே ஹார்டிதான். தன் கணிதம் எதற்கும் உதவாது என்று பெருமைப்பட்டவர் அவர். நான் அவருடைய கணக்கைப் போட்டு உப்பளத்தோரம் பூ எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஒளிந்திருப்பது வெளிப்பட, கெட்ட பிரதி இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி சொந்தத்துக்குள் கலப்பது. செடியில் அதன் உச்சம் தற்கலப்பு. ஆஸ்பத்திரியில் “சொந்தத்துல கல்யாணமா?” என்று ஏன் கேட்கிறார்கள் என்று பலர் கோபப்படுவதுண்டு. கேள்வியில் குற்றம் சுமத்தல் இல்லை. தாய்மாமனும் மருமகளும் சராசரியாகத் தம் ஜீனில் நாலில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். அத்தை மகளும் மாமன் மகனும் எட்டில் ஒரு பங்கு. ஒரே பாட்டியிடமிருந்து வந்த ஒரே கெட்ட பிரதி இரு பக்கமும் மௌனமாக நடந்து வந்து பேரப்பிள்ளையில் சந்திக்கலாம். சந்தித்தே தீரும் என்பதில்லை.

ஒடுங்கியது என்றால் மட்டமானது என்ற எண்ணம் உழவு தெரிந்தவர்களிடம்கூட இருக்கிறது. தாமிரபரணியின் கடைமடையில், ஆத்தூர், ஏரல் பக்கம் நிற்கும் நெல்லைப் பார்த்தால் போதும். 1960களுக்கு முன் நெல் ஆளுயரம். உரம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1962இல் இந்தோனேசியாவின் நெட்டை நெல்லான பேட்டாவையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் கலந்தார்கள். முதல் தலைமுறை முழுக்க நெட்டை. கலப்புத் தோற்றுவிட்டது என்று அதோடு விட்டிருந்தால் கதை வேறு. அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு பங்கு குட்டையாக வந்தது, வந்தது மாறாமல் நின்றது. அதிலிருந்து பிறந்ததுதான் 1966இல் வெளியான ஐஆர் 8. பசுமைப் புரட்சியின் நெல் முழுக்க ஒரு ஒடுங்கு பண்பின் மேல் நின்றது. அந்தக் குட்டை ஜீனில் கெட்டிருப்பது ஜிப்ரலின் என்ற வளர்ச்சிப் பொருளைச் செய்யும் நொதி என்று பின்னால் தெரிந்தது. மெண்டலின் குட்டைப் பட்டாணியில் கெட்டிருப்பதும் ஜிப்ரலின் செய்யும் வரிசையில் உள்ள ஒரு நொதிதான். இதைப் படித்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சோளத்தையும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் சிறுதானிய நிபுணராக இருந்த ஜி.என். ரங்கசாமி ஐயங்கார் 1930களில் சோளத்தின் ஒவ்வொரு உறுப்பையும் கலந்து கலந்து பார்த்தவர். சாறுள்ள தட்டை ஒடுங்கு பண்பு, சக்கைத் தட்டை ஓங்கு பண்பு. இதை அறியத் தட்டையை ஒடிக்க வேண்டியதில்லை. இலையின் நடுநரம்பு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் சக்கை, மங்கலான பச்சையாக இருந்தால் சாறு. மாடு எதை விரும்பும் என்று சொல்ல வேண்டுமா? கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் தீவனத்துக்குச் சோளம் போடுகிறவர்கள் இலையைத் திருப்பி நடுநரம்பைப் பார்த்தே விதைக் கதிரை ஒதுக்கலாம். ஒடுங்கு பண்பாக இருப்பதால், பார்த்துத் தேர்ந்தது பக்கத்துக் காட்டு மகரந்தம் வந்து கலக்காதவரை அப்படியே வரும்.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு வெண்டை, மிளகாய் விதையை மறுபடி எடுத்து விதைத்துவிட்டு, செடிக்குச் செடி வேறு மாதிரி இருக்கிறதே என்று வருகிறவர்களுக்கும் இதே விளக்கம்தான். முதல் தலைமுறை ஒன்றுபோல் இருந்ததற்குக் காரணம், தூய வரிசைகள் இரண்டுக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாவற்றிடமும் ஒரே பிரதிகள் இருந்ததுதான்; ஒடுங்கு பண்புகள் அதில் மறைந்திருந்தன. மறைந்தவை இரண்டாவதில் பிரிந்து வருகின்றன. பொறுமை இருந்தால் அதிலிருந்தே பிடித்ததைத் தேர்ந்து, தற்கலப்புச் செய்து நிலைநிறுத்தலாம். இம்மாவட்டத்து எப்போதும்வென்றானின் நாட்டு முருங்கையை அப்படித் தேர்ந்து தூய வரிசையாக்கியதுதான் பெரியகுளத்திலிருந்து வந்து நாடெங்கும் பரவிய பிகேஎம் 1.

ஆத்தூர் வெற்றிலைக்காரர்களுக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. கொடியை வெட்டி நடுகிறார்கள், விதையே கிடையாது, பிரிவதற்கும் வழியில்லை. பனையோ நேரெதிர். விதை போட்டால் ஆண் பனையான அலகா, பெண் பனையான பருவமா என்று தெரியப் பத்துப் பன்னிரண்டு வருஷமாவது காத்திருக்க வேண்டும். அதில் சோதனைக் கலப்பு என்று ஆரம்பித்தால் முடிவைப் பேரன்தான் எழுத வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் பூத்துப் பதில் சொல்லும் செடி என் வாசலில் தானாக முளைத்தது என் அதிர்ஷ்டம்.

இனிச் செய்யப்போவது ஒன்று இருக்கிறது. இந்தப் பூ தானாகக் காய்க்காது என்று முன்னே சொன்னேன். பெங்களூரில் சிமாப் என்ற மருந்துச்செடி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தானாகவே காய்க்கும் சில வரிசைகளைக் கண்டு 2001இல் எழுதினார்கள். மகரந்தப் பை வெடித்த பிறகும் அவற்றில் சூலகம் நீண்டுகொண்டே போய், முடி பைகளுக்குள் ஏறிவிடுகிறதாம். உப்பளத்து மேட்டிலும் அப்படி ஏதாவது இருக்க வேண்டும். பூச்சி அதிகம் நடமாடாத காற்றுக்காலத்திலும் ஒரு மூலையில் சில வெள்ளைகள் காய் நிறைய நிற்பதைக் கவனித்து வைத்திருக்கிறேன். இந்த ஐப்பசிக்கு அவற்றின் விதையைப் போட்டு, பூக்கும் முன்பே கொசுவலை கட்டிவிட வேண்டும். வலைக்குள் காய் பிடித்தால், காய்க்காத வரிசையோடு கலந்து, முதல் தலைமுறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாம். வலை கொஞ்சம் நெருக்கமானதாக வாங்க வேண்டும், சின்ன எறும்பும் உள்ளே நுழையாத அளவுக்கு.